எதிர்நாயைக் கண்டால் கத்தும் இளம் நாய்: வாக்கிங் அனுபவங்கள்

சீனி அம்மா, மதுரை:

எங்கள் சீனி சிப்பிப்பாறைக் கலப்பு, பெண், இன்னும் ஒரு வயது முடியவில்லை. சின்னக் குட்டியாக இருந்தவரை எந்த நாயைப் பார்த்தாலும் வாலாட்டியவள், திடீரென்று ஒரு கட்டத்தில் முதுகு மயிர் சிலிர்க்கக் கத்திக் குதிக்க ஆரம்பித்தாள். இது நிறைய நாய்களுக்கு வருவதுதான். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை அவற்றுக்கு விடலைப் பருவம். நேற்று வரை கண்டுகொள்ளாத ஒன்றுக்கு இன்று பயம் வரும்.

அவள் சண்டைக்காரி என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. ஆனால் உடம்பைக் கவனித்தால் வேறு விஷயம் தெரியும். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும், காது பின்னால் மடிந்திருக்கும், பாரம் முழுக்கப் பின்னங்காலில் இருக்கும். கிட்ட வராதே என்கிறாள், அவ்வளவுதான். கத்தியதும் எதிர்நாய் போய்விடுகிறது. அது எப்படியும் தன் வழியில் போயிருக்கும், ஆனால் தான் கத்தியதால்தான் போனது என்று இவள் கணக்கு வைத்துக்கொள்கிறாள். அடுத்த தடவை இன்னும் சத்தமாகக் கத்துகிறாள்.

வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் தூரத்தைக் கூட்டுங்கள், தூரத்தைக் கூட்டுங்கள் என்கின்றன. நியாயம்தான். அங்கே எதிரில் வரும் நாய்க்குக் கயிறும் உண்டு, அதைப் பிடிக்க ஒரு ஆளும் உண்டு. நம்ம தெருவில் இரண்டும் கிடையாது. நாம் தள்ளிப் போனாலும் அது கிட்ட வரும். ஆனாலும் தெருநாய்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. சீனியை வீட்டில் விட்டுவிட்டு, வாக்கிங் போகும் அதே நேரத்தில் நான் மட்டும் தெருவைச் சுற்றிப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மரிலிருந்து இட்லிக் கடை வரை ஒரு கூட்டத்தின் எல்லை, அதற்கு அந்தப் பக்கம் வேறு கூட்டம். எல்லையைத் தாண்டி நம்மைத் துரத்துவது அபூர்வம். டீக்கடை திறந்ததும் பொறை போடுவார்கள், அந்த நேரத்தில் எல்லாம் அங்கே கூடிவிடும், பின்தெரு காலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறிக்கடைப் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது. இந்த வரைபடம் மனதில் பதிந்த பிறகுதான் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது நடந்தது.

பயிற்சி ரொம்ப எளிது, பொறுமைதான் வேண்டும். எவ்வளவு தூரத்தில் இன்னொரு நாயைப் பார்த்தும் அவளால் சாப்பிட முடிகிறதோ அதுதான் அவளுக்கான தூரம். சீனிக்கு அப்போது மூன்று கரண்டுக் கம்பத் தூரம். ஈரலை மூக்கில் வைத்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் ரொம்பக் கிட்ட வந்துவிட்டோம், திரும்பிவிட வேண்டும். அந்தத் தூரத்தில் நின்று, அவள் நாயைப் பார்த்த நொடியில் "ஆமா" என்று ஒரே சொல், உடனே என் தொடைப் பக்கத்தில் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. நாய் மறைந்தால் ஈரலும் நின்றுவிடும். ஒழுங்காக இருந்தாள் என்பதற்கான பரிசு இல்லை இது. நாய் வந்தால் ஈரல் வரும் என்று அவள் மனதில் பதிய வேண்டும்.

வரிசை முக்கியம். நாய் முதலில், ஈரல் பிறகு. நாம் பதறிப்போய் முன்கூட்டியே பையில் கைவிட்டால், பை சரசரத்தாலே எங்கோ நாய் வருகிறது என்று உஷாராகிவிடுவாள். இதெல்லாம் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறு வருடத்துக்கு முன்பே மணியும் சோறும் வைத்துச் சொன்ன சமாச்சாரம். கொஞ்ச நாளில் அவளே நாயைப் பார்த்துவிட்டு 'எங்கே ஈரல்' என்று என் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம்தான் ஒரு கம்பம் முன்னேறினோம். இப்போதும் ஒரு கம்பத்துக்குள் போக மாட்டோம், போக வேண்டிய அவசியமும் இல்லை.

திரும்பி நடப்பதை வீட்டு வராண்டாவிலேயே பழக்கிவிடுங்கள். "வா போலாம்" என்றதும் சட்டென்று திரும்பி என்னோடு வர வேண்டும். தெருவில் அது பலமுறை காப்பாற்றியிருக்கிறது. நிறுத்தியிருக்கும் ஆட்டோவும் காரும் நல்ல மறைப்பு. கயிறு தளர்வாக இருக்கட்டும், நாம் இறுக்கிப் பிடித்தாலே ஏதோ ஆபத்து என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு டிரெய்னரை வரவழைத்தோம். முள் செயின் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார், சீனி கப்சிப். அப்பா அசந்துபோனார். எனக்குப் பிடிக்கவில்லை. உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் எச்சரிக்காமல் கடிக்கிற நாய்தான் மிஞ்சும். தவிர, நாய் வரும்போதெல்லாம் கழுத்து வலித்தால் அவளுக்கு நாய்கள் மேல் எப்படிப் பிரியம் வரும்? அவரை அன்றே அனுப்பிவிட்டோம்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. இவற்றின் தலை கழுத்தளவுதான் இருக்கும். பயந்து பின்னால் இழுத்தால் சாதாரண பெல்ட் அப்படியே தலைவழியாகக் கழன்று வந்துவிடும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட் கட்டாயம் வேண்டும், அல்லது மார்போடு சேர்த்து மாட்டும், நன்றாகப் பொருந்தும் ஹார்னஸ்.

புரூனோ அப்பா, கோவை:

எங்கள் கதை வேறு. புரூனோ லேப்ரடார், ஆண், ஒன்றேகால் வயது, அபார்ட்மென்ட் வாசி. அவனுக்குப் பயமெல்லாம் இல்லை. எல்லா நாயோடும் விளையாட வேண்டும், கயிறு விடாது, அதனால் ஆத்திரம். கேட்பவருக்கு இரண்டும் ஒரே குரைப்புதான். விட்டால் நேராக எதிர்நாயின் முகத்தில் போய் விழுவான், அந்த நாய் திருப்பிக் கடிக்கத்தானே செய்யும்?

லிஃப்ட்தான் எங்கள் கறிக்கடை. கதவு திறந்தால் மூன்றடியில் இன்னொரு நாய். தூரமாவது ஒன்றாவது. நாலு மாடியும் படியில்தான் இறங்குகிறோம். நாய் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம், கீழே இறங்கும் முன் "புரூனோ டவுன்" என்று போட்டுவிடுவேன். செக்யூரிட்டி அண்ணன் எங்களுக்காகப் பார்க்கிங் முனையில் எட்டிப் பார்த்துக் கையசைப்பார்.

அவனுக்கு உதவியது ஈரலைவிட சேர்ந்து நடப்பதுதான். மூன்றாவது மாடி அம்மாவிடம் ஒரு கிழட்டுப் பொமரேனியன் இருக்கிறது, உலகமே இடிந்தாலும் கண்டுகொள்ளாது. சாலையின் அந்த ஓரத்தில் அவர்கள், இந்த ஓரத்தில் நாங்கள், இருவரும் ஒரே திசையில். நேருக்கு நேர் வரவே கூடாது. அவன் கயிறு தளர்ந்து தரையை முகர ஆரம்பித்தால் இடைவெளியை ஒரு எட்டு குறைப்போம், இழுத்தால் மறுபடி கூட்டுவோம். இப்போது நடுவில் ஒரு ஆள் இடம்தான், இருவரும் ஒரே புல்லை முகர்கிறார்கள். அந்த அம்மா ஊருக்குப் போன வாரம் மட்டும் புரூனோ பழைய புரூனோ ஆகிவிட்டான். ஒரு பெரிய கலாட்டா நடந்தால் மறுநாள் வெளியே கூட்டிப்போவதில்லை. துண்டுத் துணியில் தீவனத்தைச் சுருட்டி வைத்து மூக்கால் தேட விடுகிறேன், அதிலேயே களைத்துத் தூங்கிவிடுகிறான்.

கோம்பைக்காரன், சின்னமனூர்:

சீனி அம்மா சொன்ன எல்லைக் கணக்கு சரி, ஆனால் தோட்டத்துப் பக்கம் காவல் நாய்கள் உண்மையிலேயே பாய்ந்து வரும். ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். நம் நாயை முதுகுக்குப் பின்னால் விட்டு நின்று, கல் எடுப்பதுபோல் குனியுங்கள். எறிய வேண்டியதில்லை, நம் ஊர் நாய்களுக்குக் குனிந்தாலே புரியும். குடையைப் படாரென்று விரித்தாலும் நின்றுவிடும், ஆனால் நம் நாய்க்கு அந்தச் சத்தத்தை முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெண் நாய்க்குப் பின்னால் ஏழெட்டு ஆண் நாய்கள் அலையும். அந்த மாதங்களில் பயிற்சி என்று எதையும் முயலாதீர்கள், மொட்டைமாடியே போதும். காதில் ஒரு வெட்டு இருந்தால் கருத்தடை செய்து விட்ட தெருநாய் என்று அர்த்தம். வெட்டுக்காது நாய்கள் உள்ள தெருவில் இந்தக் கூட்டம் குறைவு, நான் அந்த வழியாகத்தான் போவேன்.

கடி பட்டால், கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரேபிஸ் ஊசி இலவசம். அங்கே தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி அன்றே, பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. தோல் கிழிந்து ரத்தம் வந்த காயம் என்றால், ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். நம் நாய் கடி பட்டாலும், வருடாந்தர ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டி பூஸ்டர் போடுங்கள்.

சீனி அம்மா, மதுரை:

நன்றி அண்ணா. மொட்டைமாடி யோசனை நல்லது, ஆனால் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் இட்லிக் கடைக் கூட்டம் முழுசாகத் தெரியும், அவள் கைப்பிடிச் சுவரில் கால் வைத்து ஊரையே எழுப்பிவிடுவாள். சுவரோரம் பச்சை வலை கட்டிப் பார்க்கிறேன். அப்புறம், மார்ட்டிங்கேல் பெல்ட் எங்கே வாங்கினேன் என்று உள்பெட்டியில் கேட்டிருந்தவருக்கு: கடையில் கிடைத்ததெல்லாம் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. பைக்கு ஜிப் தைப்பவரிடம் நைலான் நாடாவும் மூன்று வளையமும் கொடுத்து, கழுத்தளவு சொல்லித் தைத்து வாங்கினேன். நாடா ஒன்றரை இஞ்ச் அகலமாவது இருக்கட்டும், மெல்லியது கழுத்தை அறுக்கும்.