சம்பங்கிக் கிழங்கில் ஈஎம்எஸ்: வந்த மாற்றம் அடுத்த பருவத்தில் காணாமல் போகிறது

யெலகங்கா பூந்தோட்டம்:
வணக்கம். கல்லூரி ஆய்வகத்தில் 'பிரஜ்வல்' ரகச் சம்பங்கிக் கிழங்குகளை 0.5% ஈஎம்எஸ் (மரபணுவை மாற்றும் ரசாயனம்) கரைசலில் ஊறவைத்து நடுகிறோம். சில செடிகளில் இலையில் வெள்ளைக் கோடு வருகிறது. பக்கக் கிழங்கைப் பிரித்து நட்டால் பழைய பிரஜ்வல்தான் முளைக்கிறது. அளவைக் கூட்டினால் நிலைக்குமா? இல்லை, கோல்ச்சிசினுக்கு மாறலாமா?

கிழங்குப்பிரியர்:
அளவைக் கூட்டாதீங்க, சிக்கல் அங்கே இல்லை. சம்பங்கிக் கிழங்கு ஒருமுறை பூத்தால் அதோடு சரி. அடுத்த பருவச் செடி பக்க மொட்டிலிருந்துதான் வரும். மருந்து மொட்டில் உள்ள பல செல்களில் ஒன்றிரண்டை மட்டுமே மாற்றுகிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் பட்டையாக வளர்வதைத்தான் கோடாகப் பார்க்கிறீங்க. நட்ட பக்கக் கிழங்கு அந்தப் பட்டைக்கு வெளியே இருந்தால் மாற்றம் அதில் இருக்காது.

மண்ணை விலக்கிப் பாருங்க. கோடு இலையின் அடிவரை இறங்கினால், அந்த இலைக் கக்கத்து மொட்டை மட்டும் பிரித்து தனித்தொட்டியில் நடுங்க. பாதியிலேயே நின்றுவிட்டால் விட்டுடலாம். இப்படி இரண்டு மூன்று தலைமுறை பிரித்தால்தான் முழுதும் மாறிய செடி கிடைக்கும். கோடு நிலைக்கவே நிலைக்காது என்றில்லை: லக்னோவில் காமா கதிர் மூலம் உருவான 'ரஜத் ரேகா', 'ஸ்வர்ண ரேகா' இரண்டும் இலையில் கோடுள்ள சம்பங்கி ரகங்கள்தானே.

ஹெசரகட்டா வாசி:
ஊறவைக்கும் முறையையும் சரிபாருங்க. ஈஎம்எஸ் தண்ணீரை விடக் கனமானது, சும்மா வைத்தால் அடியில் தங்கிவிடும். ஷேக்கரில் (ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி) வைத்தே ஆகணும். தண்ணீரில் அது சிதைந்து அமிலமாகும். அந்த அமிலம் திசுவைச் சுடுமே தவிர மரபணுவை மாற்றாது. அதனால் பிஎச் 7 பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) அன்றன்றைக்குக் கலக்கணும். காய்ந்த மேல்தோலை உரித்து, வேரை நறுக்கி, சில மணிநேரம் வெறும் தண்ணீரில் ஊறிய கிழங்குதான் மருந்தைச் சீராக உறிஞ்சும். 0.1 முதல் 0.6% வரை சில அளவுகளில் சின்னத் தொகுதிகளாக முதலில் போட்டுப் பாருங்க. பஃபரில் மட்டும் ஊறியவையும் கூடவே இருக்கட்டும். பாதி செத்துப்போகும் அளவு இதற்கு அதிகம் என்பது என் கருத்து. மொட்டு கருகினால், மருந்து படாத அடித்திசுவிலிருந்து புது முளை கிளம்பிவிடும்.

யெலகங்கா பூந்தோட்டம்:
நன்றி சார். அமரிலிஸுக்கும் இதேதானா?

கிழங்குப்பிரியர்:
அமரிலிஸில் நல்ல வசதி உண்டு. கிழங்கை நெடுக்கு வாட்டில் பிளந்து, அடித்தட்டு ஒட்டியிருக்க இரண்டிரண்டு செதிலாக வெட்டுங்க. செதில்களுக்கு நடுவே அடித்தட்டருகே புதுக்குட்டி எழும்பும். மிகச் சில செல்களிலிருந்து கிளம்புவதால் முழுமாற்றம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வெட்டுவாய் மருந்தை வேகமாக இழுக்கும், ஆகவே அளவும் நேரமும் குறையணும். பிறகு நன்றாகக் கழுவி, லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, ஈர வெர்மிகுலைட்டில் 25 டிகிரி வாக்கில் வையுங்க. அடித்தட்டு இல்லாத துண்டில் குட்டி வராது.

ஹெசரகட்டா வாசி:
கோல்ச்சிசின் வேறு வேலைக்கு. நம்ம செங்காந்தளில் உள்ள அதே பொருள், குரோமோசோமை இரட்டிப்பாக்கும். தடித்த இலை, பெரிய பூ வரலாம். புது நிறத்துக்கு அதை நம்பாதீங்க. இலைத்துளை பெரிதானதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, அது மேல் அடுக்கை மட்டும் காட்டும். உள் அடுக்கைக் காட்டும் மகரந்தத்தின் அளவையும் பாருங்க.

ஈஎம்எஸ் புற்றுநோய் ஆபத்துள்ள, ஆவியாகும் பொருள். வீட்டு மாடியில் வேண்டவே வேண்டாம். ஃபியூம் ஹூட் (ஆவியை வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி), இரட்டை நைட்ரைல் கையுறை கட்டாயம். மிச்சக் கரைசல், முதல் கழுவுநீர், பிப்பெட் எல்லாவற்றையும் 10% சோடியம் தயோசல்ஃபேட்டில் ஒரு இரவு வைத்து, பிறகு ஆய்வகத்தின் ரசாயனக் கழிவில் சேர்க்கணும்.