புதுப்பிப்பு: பெட்டியிலேயே உதிர்ந்த ஷூ சோல்

போன மாதம் எழுதியிருந்தேனே, பேரணாம்பட்டில் எங்கள் யூனிட் குடோனில் இரண்டு வருடம் கிடந்த ஷூக்களின் பியூ (பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக்) சோல், கையில் எடுத்ததும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது என்று. ஒருவரும் காலில் போடாத ஷூ. வெயில்தான் காரணம் என்று பலர் சொன்னீர்கள். பாதிதான் சரி; சூடு வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். முக்கியக் குற்றவாளி ஈரப்பதம்.

பாலியெஸ்டர் வகை பியூவில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளை, அதாவது மூலக்கூறுச் சங்கிலியின் கண்ணிகளை, காற்றில் இருக்கும் தண்ணீர் மெல்ல அறுத்துவிடும். பாலிஈதர் என்ற இன்னொரு பியூ வகை இதைத் தாங்கும், விலைதான் கூடுதல். இரண்டு வகை சோலையும், தண்ணீர் ஊற்றி மூடிய பாத்திரத்தில், தண்ணீர் படாமல் மேலே தொங்கவிட்டு, 70 டிகிரியில் 7 நாள் வைத்தோம். பிறகு, சோலைத் திரும்பத் திரும்ப மடக்கும் மடிப்பு மெஷின். பாதுகாப்பு ஷூ தரவிதிப்படி 1,50,000 மடிப்புக்கு, சோலில் முன்பே போட்ட சிறு வெட்டு 6 மி.மீ.க்கு மேல் வளரக்கூடாது. நம்ம பழைய பாலியெஸ்டர் வகை சோல் 20 ஆயிரத்தைத் தாண்டவில்லை. பாலிஈதர் தேறியது.

'பாத்திரத்தில் ஒரு வாரம் என்றால் குடோனில் எத்தனை வருடம்?' என்று கேட்டிருந்தீர்கள். 10 டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பு என்ற தோராயக் கணக்கில், குடோனின் 30 டிகிரியிலிருந்து 70-க்கு 16 மடங்கு; அதாவது 7 நாள் என்பது குடோனில் 112 நாள். ஆனால் குடோனில் எப்போதும் அவ்வளவு ஈரம் இருக்காது, அதனால் உண்மையில் இன்னும் நீளும். சரியாகச் சொல்ல 50, 60 டிகிரியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு 100-க்கு ஏற்றினால் பசை இளகி வேறு கோளாறுதான் வரும்.

50 டிகிரி பாத்திரம் நேற்றுதான் அடுப்பேறியது.