புதுப்பிப்பு: கிணற்று நீர்க் கட்டுரை ஒருவழியாகப் போய்விட்டது

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்று அளவு பற்றிய எங்கள் கட்டுரையை எங்கே அனுப்பலாம், ‘ஏழு நாளில் பிரசுரம்’ என்று மின்னஞ்சல் போட்ட ஆய்விதழை நம்பலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

நம்பவில்லை. தாங்கள் ஸ்கோபஸில் (ஆய்விதழ்களைத் தெரிவு செய்து பட்டியலிடும் தரவுத்தளம்) இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்கோபஸின் இலவசப் பட்டியலில் தேடினேன், பெயரே இல்லை. சரி, அதோடு அந்தக் கதை முடிந்தது.

அப்புறம் ஒரு பெரிய இதழுக்கு அனுப்பினேன். நாலாம் நாளே, மதிப்பாய்வுக்குக்கூடப் போகாமல், ‘உள்ளூர் விஷயம்’ என்று திரும்பி வந்தது. கோபம் வந்தாலும் அவர்கள் சொன்னது நியாயம்தான். முன்னுரை முழுக்க யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்றே எழுதியிருந்தேன். இப்போது அதை மாற்றி, சுண்ணாம்புக்கல் பாறைக்குள் தேங்கும் நிலத்தடி நீரில் தொடங்கினேன்: வெடிப்புகள் வழியே உரமும் மலக்குழி நீரும் எவ்வளவு சுலபமாகக் கீழே இறங்கும், உலக சுகாதார நிறுவனத்தின் லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரம்பை எந்தக் கிணறுகள் தாண்டின என்று. இதே மாதிரிப் பாறை உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

இதழைத் தெரிவு செய்ய மேற்பார்வையாளர் சொன்ன வழி: ‘நீர் மேற்கோள் காட்டின கட்டுரைகள் எங்கே வந்திருக்கு எண்டு பாரும்.’ எண்ணினேன், ஒரே இதழ் ஆறு தடவை!

அங்கேதான் செவ்வாய்க்கிழமை அனுப்பினேன். பதில் வரும்வரை வேறெங்கும் அனுப்ப முடியாது. இப்போதைக்கு ‘ஆசிரியரிடம் உள்ளது’ என்று காட்டுகிறது.