ஷாங்காய் தன் பழைய தெருக்களை எவ்வாறு காப்பாற்றியது?

கொட்டாஞ்சேனைவாசி:
2025ஆம் ஆண்டு ஷாங்காயில், ஹுவாயன்லி என்ற பழைய செங்கல் வீட்டுத் தொகுதியை 432 சிறிய ரோபோக்கள் தூக்கி, நாளொன்றுக்குச் சுமார் 10 மீற்றர் வீதம் நகர்த்தி, நிலக்கீழ்த் தளங்களுக்கான வேலை நடந்த பின்னர் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்த காணொளியைப் பார்த்தேன். அத்தொகுதியின் எடை சுமார் 7,500 தொன்னாம். கொழும்பில் எங்கள் தெருவிலோ விறாந்தை வைத்த வீடு ஒன்று கைமாறினால், சில மாதங்களில் அங்கே தொடர்மாடிக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஷாங்காய்க்கு இது பணத்தால் முடிந்ததா, சட்டத்தால் முடிந்ததா? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்று.

நகரத் திட்டமிடல் மாணவி:
வணக்கம் ஐயா. பணத்துக்கும் சட்டத்துக்கும் முன்னர் ஆற்றைச் சொல்ல வேண்டும். 1990இல் ஹுவாங்பு ஆற்றின் கிழக்குக் கரையான புடோங்கை அபிவிருத்தி செய்வதாகச் சீன அரசு அறிவித்தது. 632 மீற்றர் உயரமான ஷாங்காய் கோபுரம் உட்பட, மிக உயர்ந்த கட்டடங்கள் அங்கேயே எழுந்ததால், மேற்குக் கரையில் பழைய வங்கிகளும் வணிக நிறுவனங்களும் நிற்கும் பண்ட் என்ற கரையோரம் தப்பியது. (பெய்ஜிங்கிலும் புதிய நிர்வாக மையத்தைப் பழைய நகருக்கு வெளியே அமைக்கலாம் என்று 1950இல் கட்டடக்கலைஞர் லியாங் சிசெங் முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை, பின்னர் நகர மதிலின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது.)

சட்டம் பிந்தித்தான் வந்தது. வரலாற்றுப் பகுதிகளையும் கட்டடங்களையும் பாதுகாக்கும் ஷாங்காயின் ஒழுங்குவிதி 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மத்திய நகரில் 12 பாதுகாப்புப் பகுதிகள் வரையறுக்கப்பட்டன. என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: வுகாங் வீதி உள்ளிட்ட 64 வீதிகளை ஒருபோதும் அகலப்படுத்துவதில்லை என்று நகரம் முடிவெடுத்திருக்கிறது. வீதி அகலமாகாவிட்டால் ஓரத்து மரமும் மதிலும் தாமாகவே பிழைத்துக்கொள்ளும். வீதியை அகட்டுவதையே முன்னேற்றமாக எண்ணிப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்.

புறக்கோட்டைக் கடைக்காரர்:
தங்கையின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் காப்பாற்றப்பட்டது எது என்பதையும் கேட்க வேண்டும். கல் சட்டமிட்ட வாசலைக் கொண்ட ஷிகுமென் வரிசை வீடுகள், 19ஆம் நூற்றாண்டில் சீனாவில் நடந்த தைப்பிங் கிளர்ச்சிக் காலத்தில் வெளிநாட்டவரின் குடியிருப்புப் பகுதிகளுக்குள் ஓடிவந்த மக்களுக்காகக் கட்டப்படத் தொடங்கியவை. பிற்காலத்தில் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்து, சமையலறையைப் பகிர்ந்து, கழிவறை இல்லாமல் வாளியைச் சுமந்து காலம் தள்ளின. 2001இல் திறக்கப்பட்ட ஷின்தியன்தி என்ற வணிகப் பகுதியில் அந்த வீடுகளின் முகப்பு மிஞ்சியது. உள்ளே உணவகங்களும் கடைகளும் வந்தன. வாழ்ந்தவர்கள் வேறிடம் போனார்கள். கொழும்புக் கோட்டைப் பகுதியில் உள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தைப் பாருங்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மாலையில் உணவருந்தப் போகும் இடம். வைத்தியசாலையில் எவரும் குடியிருக்கவில்லை என்பதால் அங்கு நட்டமில்லை. மக்கள் குடியிருக்கும் கொம்பனித்தெருவில் அதே வேலையைச் செய்தால் நட்டம் உண்டு.

புதிய வளர்ச்சிக்கு வேறு நிலம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நாமும் கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரத்தை உருவாக்கினோம். அதனால் புறக்கோட்டையில் இடிப்பு குறைந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனைவாசி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், வீட்டையும் வைத்து, வாழ்ந்தவர்களையும் வைத்த இடம் ஷாங்காயில் ஒன்றேனும் உண்டா?

நகரத் திட்டமிடல் மாணவி:
உண்டு, ஐயா. ஹோங்கோவ் பகுதியிலுள்ள சுன்யாங்லி. அங்கு குடியிருந்தவர்களைத் தற்காலிகமாக வெளியே தங்கவைத்து, முகப்பைப் பேணி, உட்புறத்தைத் திருத்தி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சமையலறையும் கழிவறையும் அமைத்த பின்னர் திரும்ப அழைத்தார்கள். கடைகளை வைத்து வாடகை ஈட்டும் வழி இதில் இல்லாததால், செலவின் பெரும்பகுதியை அரசே சுமக்க வேண்டியிருக்கிறது. ரோபோக்கள் நகர்த்தும் காணொளி பரவிய அளவுக்கு இது பேசப்படாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.