கேம்பர், டோ, காஸ்டர்: சொல்லுக்குள்ளேயே திசை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ட்ராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) கையேட்டுக்காகச் சக்கரக் கோணங்களுக்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இழை இது. இதுவரை வந்த பரிந்துரைகள் பல அகராதியில் நன்றாகவே இருக்கும். ஆனால் இந்தச் சொற்கள் புழங்கப்போவது பிட்டில் (தடத்தின் ஓரம் வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்), இன்ஜின் சத்தத்துக்கு நடுவே, கையில் அளவுத்தாளோடு நிற்கும் இருவருக்கு இடையில். ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: எந்தப் பக்கம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும். கூட்டல், கழித்தல் குறியை நம்ப வேண்டாம்.

முதலில் கேம்பர். காரை முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற அளவு. மேல்விளிம்பு காரை நோக்கிச் சாய்ந்தால் நெகட்டிவ். இதற்கு "எதிர்மறைச் சாய்வுக் கோணம்" என்று வைத்துவிட்டு, "மைனஸ் 2ல இருக்கு, கொஞ்சம் கூட்டுங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் மைனஸ் 3க்குப் போவதா, மைனஸ் 1க்கு வருவதா? கணக்குப்படி ஒன்று, பட்டறை வழக்கப்படி இன்னொன்று. உட்சாய்வு, வெளிச்சாய்வு என்று பிரித்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. "உட்சாய்வை 2லிருந்து 3 ஆக்குங்க" என்றால் யாருக்கும் புரியும்.

ட்ராக்கில் அதிகம் பேசப்படுவதும் இந்த உட்சாய்வுதான். வளைவில் வண்டி வெளிப்பக்கமாகச் சரியும்போது வெளிச் சக்கரமும் கூடவே சாய்கிறது. பாரமெல்லாம் டயரின் வெளித்தோளில், அதாவது தரையில் பதியும் பரப்பு பக்கச்சுவரைத் தொடும் ஓரத்தில், விழுந்து அங்கே மட்டும் அரைபடும். உள்பாதி சும்மா கிடக்கும். முன்கூட்டியே உட்சாய்வு கொடுத்து வைத்தால், சரிந்த நிலையில் டயர் ஓரளவு தட்டையாகப் பதியும். போதுமான அளவு கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க எளிய வழி உண்டு. டயரின் தோளில் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, சில சுற்றுகள் வேகமாக ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடிந்து ஓடியிருக்கிறது. காற்று குறைவு, அல்லது உட்சாய்வு போதவில்லை. பிட்டுக்குள் நுழைந்த உடனே உள், நடு, வெளி என மூன்று இடத்தில் வெப்பத்தை அளந்தால் இன்னும் தெளிவாகும். உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. வெளிப்பக்கம் கூடுதல் என்றால் உட்சாய்வு குறைவு. நடு மட்டும் கொதித்தால் காற்று அதிகம். அதற்காக உட்சாய்வை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது டயரின் உள்விளிம்பு மட்டுமே முழுதாகப் பதியும், பிரேக் தூரம் நீளும்.

அடுத்து டோ. மேலிருந்து பார்த்தால் ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் முன்பக்கம் நெருங்கியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்பது. "உள்நோக்கு, வெளிநோக்கு" என்று ஒரு பரிந்துரை வந்தது. சக்கரம் எங்கே பார்க்கிறது என்ற கற்பனை அருமை. ஆனால் "உள்நோக்கு" காதில் "உள்நோக்கம்" என்றே விழுகிறது. "திருப்பு" என்று எடுத்தால் ஸ்டீயரிங் திருப்புவதோடு மோதும். "முன்குவிவு" என்றால் முன் சக்கரங்களுக்கு மட்டுமே உரியது போலாகிவிடும். பின் சக்கரங்களுக்குத்தான் இது உயிர்நாடி. எனவே வெறும் குவிவு, விரிவு போதும் என்பது என் கருத்து. ஒருபக்கக் குவிவு, மொத்தக் குவிவு என்று சேர்த்தெழுதவும் வசதி.

பின்னால் விரிவு வந்துவிட்டால், பிரேக்கோடு வளைவுக்குள் நுழையும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே ஓடப் பார்க்கும். அதனால் பின்னால் எப்போதும் சிறு குவிவு. முன்னால் மிகச் சிறிய விரிவு வைத்தால் வண்டி சட்டென்று வளைவுக்குள் திரும்பும். ஆனால் நேர்சாலையில் அலையும், டயரின் உள்விளிம்பு தேயும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டிவிட்டு அதே காரில் பெங்களூரு நெடுஞ்சாலையில் வீடு திரும்புபவர் முன்னால் சுழியமே வைத்துக்கொள்ளலாம்.

அளவு பற்றியும் ஒரு முடிவு எடுங்கள். சில கருவிகள் பாகையைத் தசமத்தில் காட்டும், சில கலையில் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) காட்டும். 0.10 பாகையும் 10 கலையும் ஒன்றல்ல. 10 கலை என்பது ஏறக்குறைய 0.17 பாகை. சுமார் 575 மி.மீ. விட்டமுள்ள டயரில் 1 மி.மீ. குவிவு என்பது 6 கலை. கையேடு முழுக்க மி.மீ. என்றால் மி.மீ. மட்டுமே இருக்கட்டும்.

காஸ்டரில்தான் எனக்கு இழையில் பலரோடு கருத்து வேறுபாடு. "பின்சாய்வு" சரியான பொருள்தான். ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அதன் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது. ஆனால் இதே தாளில் "பின் உட்சாய்வு" என்று பின் சக்கரங்களின் கேம்பரும் இருக்கிறது. அவசரத்தில் "பின்சாய்வு 5" என்று படிப்பவர் எதைத் தொடுவார்? 1989ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்கொண்டால், முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையில் இரண்டு கேம் போல்ட்கள் (திருப்பினால் கையின் இடத்தை நகர்த்தும் போல்ட்கள்). அந்த இரண்டும் சேர்ந்துதான் கேம்பரையும் காஸ்டரையும் தீர்மானிக்கின்றன. ஒன்றில் நிறைய எடுத்தால் மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பெயரும் குழம்பினால் நேராக போல்ட்டிலேயே தவறு நடக்கும். சொற்பட்டியலில் "திருப்பச்சுப் பின்சாய்வு" என்று முழுதாகப் போடுவோம், தாளில் காஸ்டர் என்றே இருக்கட்டும். எல்லாவற்றையும் பெயர்த்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அதே எம்எக்ஸ்-5, கொஞ்சம் தாழ்த்திய வண்டி, ட்ராக்குக்குத் தொடக்க அளவு:

முன்: உட்சாய்வு 2.5 பாகை, காஸ்டர் 5 பாகை, குவிவு 0.
பின்: உட்சாய்வு 2 பாகை, மொத்தக் குவிவு 2 மி.மீ.

ஓட்டுநரின் எடையை இருக்கையில் வைத்துவிட்டு அளக்க வேண்டும். உட்சாய்வை மாற்றினால் குவிவும் மாறிவிடும், ஆகவே குவிவு கடைசியில். இந்தத் தாளில் ஒரு கழித்தல் குறிகூட இல்லை, கவனியுங்கள்.

வீல் அலைன்மென்ட்டுக்கு "சக்கர நேராக்கம்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மேலே உள்ள அளவில் முன் குவிவைத் தவிர எதுவுமே நேர் இல்லை. வேண்டுமென்றே சாய்த்து வைக்கும் வேலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. "சக்கரக்கோண அமைப்பு" என்பதற்கு என் வாக்கு.

இன்னும் ஒன்று மீதம். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து வண்டியை எந்தத் திசையில் தள்ளுகின்றனவோ அந்தக் கோடு, த்ரஸ்ட் லைன். நான்கு சக்கரங்களையும் அமைக்கும்போது பின்னாலிருந்து தொடங்குவதே இதைப் பார்த்துத்தான். "உந்துகோடு" என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். கையேட்டில் அடுத்த அத்தியாயமே அதுதான்.

அன்புடன்.