பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். ஜாவாஸ்கிரிப்ட் கற்க ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது. இரண்டு பெட்டிகளில் எண்களைத் தட்டி 'கூட்டு' பட்டனை அழுத்தினால் கீழே விடை வர வேண்டும், அவ்வளவுதான். பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. ஸ்கிரிப்ட் டேக் ஹெட் பகுதிக்குள் இருக்கிறது. பட்டனின் ஐடியை (அதைத் தேடி எடுக்க உதவும் பெயர்) எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன். நேற்று மாலை முழுவதும் இதிலேயே போய்விட்டது.

பதில் 1:
எஃப்12 அழுத்தி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து பாருங்கள். சிவப்பில் ஏதாவது வரி இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது! டைப்எரர் என்று தொடங்குகிறது. 'நல்'லிலிருந்து ஆட்ஈவென்ட்லிசனரை (பட்டன் அழுத்தப்படுவதைக் கவனிக்க நான் எழுதிய கட்டளை) படிக்க முடியாது என்கிறது.

பதில் 1:
அப்படியென்றால் ஐடியில் தவறில்லை, நேரம்தான் தவறு. பிரவுசர் எச்டிஎம்எல்லை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வரும். வழியில் ஸ்கிரிப்ட் டேக் வந்தால் அங்கேயே நின்று, அதை ஓட்டி முடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகும். உங்கள் ஸ்கிரிப்ட் பட்டனைத் தேடும்போது பாடி பகுதியைப் படிக்கவே ஆரம்பித்திருக்காது. இல்லாத பட்டனைத் தேடினால் கிடைப்பது 'நல்', அதாவது ஒன்றுமில்லை. டேக்கில் டிஃபர் என்று சேருங்கள், பக்கம் முழுவதையும் படித்த பிறகு ஓடும்.

கேட்டவர்:
சேர்த்தேன். அதே சிவப்பு வரி.

பதில் 2:
ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஸ்கிரிப்ட் டேக்குக்கு உள்ளேயே எழுதியிருக்கிறீர்களா? எஸ்ஆர்சி கொடுத்து வெளியிலிருந்து எடுக்கும் ஸ்கிரிப்டுக்குத்தான் இந்த டிஃபர் பொருந்தும். உள்ளே எழுதிய கோடில் போட்டால் பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது. எச்சரிக்கைகூட வராது என்பதால் பலரும் இங்கே தடுமாறுவார்கள். கோடைத் தனி ஃபைலுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் டேக்கையே பாடி முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள். தனி ஃபைல்தான் என் விருப்பம். கோடு வளர வளர அதன் அருமை தெரியும்.

கேட்டவர்:
தனி ஃபைலாக மாற்றியதும் பட்டன் வேலை செய்கிறது, மிக்க நன்றி! ஆனால் 5, 3 கொடுத்தால் 53 வருகிறதே?

பதில் 2:
பெட்டியிலிருந்து வேல்யூ எப்போதும் ஸ்ட்ரிங்காகத்தான் (எண்ணாக அல்ல, எழுத்துகளின் தொடராக) வரும், பெட்டியின் டைப் நம்பராக இருந்தாலும். இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் அது ஒட்டிவிடும். நம்பர் ஃபங்ஷனுக்குள் கொடுத்து எண்ணாக மாற்றுங்கள். இதையே கழித்துப் பார்த்தால் 2 என்று சரியாக வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கழித்தல் குறிக்கு ஒட்டும் வேலை இல்லை, அதனால் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும்.

கேட்டவர்:
இரண்டையும் கூட்டிவிட்டு மொத்தத்தை நம்பருக்குள் கொடுத்தேன். இன்னும் 53தான்.

பதில் 2:
ஒட்டிய பிறகு மாற்றினால் அப்படித்தான் வரும். முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றுங்கள், அப்புறம் கூட்டுங்கள்.

கேட்டவர்:
8 வந்துவிட்டது! ஒரு பெட்டியைக் காலியாக விட்டால் அதை 0 என்று எடுத்துக்கொள்கிறது. தடுக்க வழி உண்டா?

பதில் 1:
உண்டு. வெற்று ஸ்ட்ரிங்கை நம்பர் 0 ஆக்கிவிடும். மாற்றுவதற்கு முன்பே இஃப் போட்டு, வேல்யூ காலியாக இருந்தால் 'எண்ணை நிரப்புங்கள்' என்று காட்டிவிட்டு ரிட்டர்ன் கொடுங்கள், ஃபங்ஷன் அங்கேயே நின்றுவிடும்.