உணவு விநியோகத்துக்குப் பெட்ரோல் வேனா, டீசல் லாரியா?

கேள்வி:
சிங்கப்பூரில், சிராங்கூன் வட்டாரத்தில் சிறிய உணவு விநியோகத் தொழில் நடத்துகிறேன். சொந்த வாகனம் வாங்க எண்ணுகிறேன். சிறிய பெட்ரோல் வேனா, 10 அடி டீசல் லாரியா என்று முடிவெடுக்க முடியவில்லை. வார நாள்களில் மதிய உணவுப் பெட்டிகள் மட்டுமே. முகூர்த்த நாள்களில் அண்டா, அடுப்பு, மேசை எல்லாம் தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸ் வரைகூடப் போகும்.

மறுமொழி 1:
ஐயா, முதலில் எடையைக் கணக்கிடுங்கள். வாகனத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பது சரக்குக்கு மட்டுமல்ல; உள்ளே அமரும் ஆட்களும் அதில் அடக்கம். நிறைந்த சாம்பார் அண்டா, எரிவாயு உருளை, இரண்டு உதவியாளர்கள் என்று ஏற்றினால் சிறிய வேனின் வரம்பு விரைவில் எட்டிவிடும். சிறிய வண்டி என்பதால் வாகன உரிமைச் சான்றிதழ் (வண்டியைப் பதிவு செய்ய ஏலத்தில் எடுக்க வேண்டியது) மலிவாகும் என்றும் நினைக்காதீர்கள், இரண்டுமே சரக்கு வாகனங்களுக்கான சி பிரிவுதான்.

மறுமொழி 2:
உங்கள் வட்டாரத்துத் தேக்காவைச் சுற்றி நின்று நின்று ஓடும் டீசல் வண்டியில், புகைபோக்கியிலுள்ள கரித்துகள் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் அளவுக்குச் சூடாவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும், பட்டறைக்குப் போக வேண்டிவரும். போதாக்குறைக்கு, 2019இல் டீசல் வரி லிட்டருக்கு 20 காசாக உயர்ந்தது.

மறுமொழி 3:
அதிகபட்ச எடை 3,500 கிலோவைத் தாண்டும் லாரியானால் விரைவுச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர்தான் வேகவரம்பு. வெற்று எடை 2,500 கிலோவுக்கு மேல் போனால் கார் ஓட்டுவதற்கான 3ஆம் வகுப்பு ஓட்டுநர் உரிமமும் செல்லாது. என் கருத்தில், வேனை வாங்கிக்கொண்டு முகூர்த்த நாள்களில் மட்டும் லாரியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள்.